கடம்பூர்ப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?

ஒரு வீட்டில் எழுத்தாளன் என்று ஒருத்தன் இருந்தால் அவனால் என்ன பிரயோஜனம்? எங்கள் வீட்டில் கேட்டால் உடனே பட்டியல் தருவார்கள். கரண்ட் பில் தப்பாக வந்தால் மனு எழுதலாம். கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை பார்க்கலாம். பஞ்சாயத்து போர்டுக்குத் தெருவிளக்கு விண்ணப்பம் எழுதலாம். (விளக்கு இன்னும் வரவில்லை. அது என் நடையின் குற்றமா என்று தெரியவில்லை.)

அந்த வரிசையில் இந்த ஜூன் மாதம் ஒரு புது வேலை வந்தது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து அக்கா மகள் போன். ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.

"மாமா, பிஸியா?"

"ரொம்ப பிஸி" என்றேன். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூல்ல கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'நாவல்களிலிருந்து நான் கற்ற பாடங்கள்'. மூணு பக்கம். பத்து நாள் டைம் இருக்கு. நீங்க எழுதித் தந்துடுங்க."

"நீ கத்துக்கிட்டதை நான் எப்படிம்மா எழுதறது?"

"நான் படிச்சதெல்லாம் பாதிக்கு மேல இங்கிலீஷ் மாமா. கட்டுரை தமிழ்ல எழுதணுமாம்."

என்ன படித்தாய் என்று கேட்டேன். மடமடவென்று அடுக்கினாள். அதில் 'தி அவுட்சைடர்ஸ்' என்று ஒன்று. அமெரிக்காவில் எஸ்.ஈ.ஹின்டன் என்ற பெண் எழுதியதாம். 1967-ல் புத்தகமாக வந்திருக்கிறது. "எழுத ஆரம்பிச்சப்போ அவங்களுக்குப் பதினைஞ்சு வயசுதான். என்னைவிடச் சின்னப் பொண்ணு!" என்றாள். பதினைந்து வயதில் நான் எழுதியது இம்போசிஷன் மட்டும்தான். அதை அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் சென்னைப் புத்தகக் கடைகளில் 'யங் அடல்ட்' என்று தனி அலமாரியே வைத்திருக்கிறார்கள். மீசை அரும்பும் வயசுக்கென்றே நாவல்! எங்கள் காலத்தில் அப்படி ஏது? கீரப்பாளையத்தில் நாங்கள் அம்புலிமாமாவில் ஏறினால் நேராக ராஜேஷ்குமார் ஸ்டாப்பிங்கில்தான் இறங்குவோம். நடுவில் பஸ் நிற்காது.

ஆனாலும் பாடம் கற்றுக்கொள்ளாமல் இல்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வருவார். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நானும் ஒருநாள் ப்ளக் பாயிண்ட்டில் விரலை வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை. இன்றைக்கு இந்தக் கட்டுரையை நீங்கள் படிப்பதற்கு அன்றைய மின்வெட்டுதான் காரணம்.

தமிழ்வாணனின் சங்கர்லால் யோசிக்க வேண்டுமானால் தேநீர் குடிப்பார். எனக்குத் தேநீர்ப் பழக்கம் வந்துவிட்டது, யோசனைதான் வரவில்லை. ராஜேஷ்குமார் நாவல்களில் கோயம்புத்தூரில் ஒரு கதை ஓடும், வேறெங்கோ இன்னொரு கதை ஓடும். இரண்டையும் கடைசியில் ஒரு பிணம் சேர்த்து வைக்கும். சம்பந்தமில்லாத இரண்டு விஷயம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஜாக்கிரதையாக இரு என்பது அதில் நான் கற்றது.

இதையெல்லாம் சொன்னதும், "மாமா, இதை எழுதினா என்னை ஹெச்.எம். ரூமுக்குக் கூப்பிடுவாங்க" என்றாள்.

"சரி, எழுதிக்கோ. பொன்னியின் செல்வன். அதிலிருந்து வீரம், விசுவாசம், நட்பு. ஆளுக்கொரு பக்கம். மூணு பக்கம் ஆச்சா?"

"ஐயோ மாமா, அதைத்தான் இப்ப போன்ல படிச்சிட்டிருக்கேன். நாலாவது பாகம்! அம்மாகூட நடுவுல நடுவுல கதை கேப்பாங்க."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஏன் என்று சொல்லவேண்டுமானால் 2003-க்குப் போகவேண்டும்.

எங்கள் கீரப்பாளையம் சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகிற வழியில், வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஒன்றியத் தலைநகர் என்று பெயர். தலைநகரில் அப்போது பரபரப்பான இடம் டீக்கடை. எனக்குப் பதினைந்து வயசு, பத்தாம் வகுப்பு. அக்கா எனக்கு மூன்று வயசு மூத்தவள். அந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்து முப்பத்து நாலு. தெருவிலேயே அதுதான் அதிகம். சிதம்பரத்தில் படிப்புக்கா பஞ்சம்? பஸ் ஏறினால் போதும்.

ஆனால் அந்த இரண்டு வருஷமும் காவிரித் தண்ணீருக்குப் பஞ்சம். சம்பா கருகிக் கிடந்தது. அப்பா கடன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்பது மாப்பிள்ளை பார்க்கிற வருஷம் என்று அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அக்கா வீட்டிலேயே இருந்தாள். என் பெயரில் நூலகத்தில் டிக்கெட் போட வைத்தாள். (எந்த நூலகம் என்று சொல்லமாட்டேன். பின்னால் ஒரு புகார் வருகிறது.) சைக்கிளில் போய் எடுத்து வருவது நான். பகலெல்லாம் நான் படிப்பேன். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் அவள் படிப்பாள். மூன்று நாளில் நான் தாண்டிய தூரத்தை ஒரே ராத்திரியில் தாண்டிவிடுவாள்.

அப்படித்தான் பொன்னியின் செல்வன் வந்தது. கல்கி 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் எழுதியதை அந்தக் கால வாசகர்கள் மூன்றரை வருஷம் காத்திருந்து படித்தார்கள். எங்களுக்கு ஐந்து தடிமனான பாகங்களாக அலமாரியில் இருந்தது.

முதல் பாகத்தைத் திறந்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை. கதை தொடங்குகிற இடமே நம்ம ஊர்ப்பக்கம்! ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருவது வீராணம் ஏரிக்கரையில். அன்று ராத்திரி தங்கப்போவது கடம்பூரில். இந்தக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடம்பூர்! மேலக்கடம்பூர் என்று பஸ்ஸில் போர்டு பார்த்திருக்கிறேன். தேர் மாதிரியே கட்டிய கோயில் இருக்கும். அங்கே நள்ளிரவில் சதிக்கூட்டம் நடந்தது என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே?

அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு நான் குதிரை ஏறினேன். அதாவது அப்பாவின் ஹெர்குலஸ் சைக்கிள். சேத்தியாத்தோப்பு வழியாக மிதித்து ஏரிக்கரை ஏறிப் பார்த்தால்... ஏரி எங்கே? பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது, வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரைத் தாங்கியது, நிறைந்தால் 47.50 அடி நிற்பது, கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த மண்ணாகக் கிடந்தது. மேட்டூரை ஜூன் 12-ல் திறக்கவில்லை. கொள்ளிடத்தில் வந்தால்தானே வடவாற்றில் வரும், வடவாற்றில் வந்தால்தானே ஏரிக்கு வரும்? நடு ஏரியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். (மறு வருஷம் 2004-ல் இதே ஏரியிலிருந்துதான் சென்னைக்குக் குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுபோனார்கள்.)

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஓடி வந்தாள். "தண்ணி இருந்துச்சாடா?"

"கடல் மாதிரி அலையடிக்குது!" என்றேன். வந்தியத்தேவன் நினைத்த மாத்திரத்தில் பொய் சொல்லுவான். அவனிடம் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

"போடா, ஆத்துலயே மணல்தான் இருக்கு" என்று சிரித்தாள். ஆனால் அவள் முகம் கொஞ்சம் வாடியது. அவளுக்கு ஏரியைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. சைக்கிள் என்னிடம்தான் இருந்தது.

நான் படித்ததெல்லாம் வந்தியத்தேவனைத்தான். குதிரை வந்தால் படிப்பேன், கத்தி வந்தால் படிப்பேன், அந்தப்புரம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். அக்கா படித்தது வேறு ஆளை. கடம்பூர் மாளிகையில் மணிமேகலை என்று ஒரு பெண் உண்டு. கந்தமாறனின் தங்கை. அண்ணன்காரன் முதலில் தன் சிநேகிதன் வந்தியத்தேவனிடம் தங்கையைப் பற்றியும், தங்கையிடம் சிநேகிதனைப் பற்றியும் ஆஹா ஓஹோ என்று பேசி ஆசையை வளர்ப்பான். பெரிய இடத்துச் சம்பந்தம் கைக்கு வருகிறது என்றதும், "அவளை மறந்துடு" என்று சிநேகிதனிடம் சொல்லிவிடுவான்.

ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டே அக்கா கேட்டாள். "ஏண்டா, இந்தக் கந்தமாறன் தங்கச்சி கல்யாணத்தைப் பத்தி ஊரெல்லாம் பேசறானே, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

"அதெல்லாம் கதைக்கா. நீ குதிரை வர்ற இடத்தைப் படி" என்றேன்.

தீபாவளிக்குள் மூன்று பாகம் முடிந்தது. நாலும் ஐந்தும் அலமாரியில் இல்லை. யாரோ புண்ணியவான் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தார். "வந்தா சொல்றேன் தம்பி" என்றார் நூலகர். வாரா வாரம் போனேன். வாரா வாரம் அதே பதில். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் அக்கா கை வேலையைப் போட்டுவிட்டு வருவாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

கார்த்திகையில் பெண் பார்க்க வந்தார்கள். பண்ருட்டிப் பக்கம், முந்திரித் தோப்பு, ஒரே பையன். பேசி முடித்துவிட்டு அப்பா ஒப்புக்கு என்னையும் கேட்டார். "நீ என்னடா சொல்ற?" மாப்பிள்ளை அப்போதுதான் என்னைத் தன் ஹீரோ ஹோண்டாவில் வெள்ளாற்றுப் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு அழைத்துப் போயிருந்தார். "நல்ல இடம்ப்பா!" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

அக்கா உள்ளே காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

தை மாதம் கல்யாணம். மாசியில் நாலும் ஐந்தும் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரே வாரத்தில் படித்து முடித்தேன். கடைசி அத்தியாயம் வந்ததும் அந்தப்புரத்தைத் தள்ளிவிட முடியவில்லை. கதை முடிகிற இடமே அந்தக் கடம்பூர்ப் பெண்தான். மணிமேகலை இறந்துபோகிறாள். கந்தமாறனைப் போல வந்த நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பங்குனியில் அக்கா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். புது இடம், புதுத் தண்ணீர் என்றாள் அம்மா. கொல்லைப்புறத்தில் என்னைத் தனியாகப் பிடித்து முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள்.

"கதை முடிச்சுட்டியா? அந்தக் கடம்பூர்ப் பொண்ணுக்கு என்னடா ஆச்சு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அவளுக்கா? நல்ல இடத்துல கல்யாணம் ஆயிடுச்சுக்கா. சௌக்கியமா இருக்கா."

"யாரோட?"

"அது வந்து... ஒரு குறுநில மன்னன்."

"அவளைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, கேட்டாங்க."

"அப்ப சரி" என்று சிரித்தாள். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை. தெரிந்த கதைதானே!

அதற்கடுத்த ஆண்டுகளில் தண்ணீர் வந்தது, விளைச்சல் வந்தது. நான் எண்ணூற்றுப் பன்னிரண்டு மார்க் எடுத்து பி.காம். சேர்ந்தேன். ஆயிரத்து முப்பத்து நாலு முந்திரிக்கொட்டை உடைத்தது. எங்கள் கணக்கியல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது, பெறுகிறவரைப் பற்று வை, தருகிறவரை வரவு வை. மூன்று வருஷம் எத்தனையோ கம்பெனிக்குப் பேரேடு போட்டேன். என் வீட்டுக் கணக்கை மட்டும் எழுதவில்லை.

2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்தபோது அக்கா குடும்பத்தோடு முதல் வாரமே போய்விட்டாள். 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். பார்த்துவிட்டு வந்து போன் பண்ணினாள். "ஏண்டா, அந்தப் பொண்ணையே காணோமே?" உண்மைதான். படத்தில் மணிமேகலை என்ற பாத்திரமே கிடையாது. "கல்யாண சீன் எல்லாம் எடுத்தா நீளமாயிடும்னு விட்டிருப்பாங்கக்கா" என்று ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் பெயர் காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர் பெயராக. அவர்களுடைய உறவினர் நிலங்களைக் கைப்பற்றிய விவகாரத்தை ராஜராஜன் காலத்தில் உடையார்குடிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கொலைகாரனுக்குக் கல் கிடைத்தது. மணிமேகலை கல்கியின் கற்பனை, அவளுக்குக் கல்வெட்டு இல்லை. சினிமாவிலும் இடம் இல்லை. அவள் இருப்பது அந்தப் புத்தகத்தில் மட்டும்தான். அதையும் நான் என் அக்கா கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

சரி, இந்த ஜூனுக்கு வருவோம்.

மருமகள் போன் பண்ணி எட்டாம் நாள் ராத்திரி, பத்தரை மணி. அக்கா போன்.

"ஏண்டா, அவ செத்துப்போயிட்டாளாமே?" பக்கத்துத் தெருவில் துக்கம் மாதிரிக் கேட்டாள். "பாப்பா படிச்சுட்டு உக்காந்து அழுவுறா. ஏண்டின்னா, மணிமேகலை செத்துட்டான்னு சொல்றா."

நான் எச்சில் விழுங்கினேன். "நீ அழுவியேன்னுதான்கா..."

"நான் அழுதா உனக்கென்னடா? என் அழுகையை நான் அழுதுட்டுப் போறேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இருபது வருஷமா அவளாச்சும் கேட்டுச் செய்யப்பட்டவன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு அவளே, "தப்பா எடுத்துக்காத. எனக்கு ஒரு குறையும் இல்ல. இவரு நல்ல மனுஷன். ஆனா நல்லா நடக்கறதும், நம்மளைக் கேட்டு நடக்கறதும் ஒண்ணாடா?"

பி.காம். படித்தவனிடம் இதற்கு விடை இல்லை. "ஒண்ணு இல்லக்கா" என்றேன். "அன்னிக்கு அப்பா கேட்டப்போ, என்னைக் கேக்காதீங்க, அக்காவைக் கேளுங்கன்னு நான் சொல்லியிருக்கணும்."

"பதினைஞ்சு வயசுல உனக்கு என்ன தெரியும்" என்றாள். மன்னித்தாளா, மட்டம் தட்டினாளா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. "எப்படிச் செத்தான்னு பாப்பா சொல்ல வந்தா. வாயை மூடுடின்னுட்டேன். நானே படிச்சுக்கறேன். போன்ல படிச்சா எனக்குக் கண்ணு எரியுது. அந்த ரெண்டு பாகத்தையும் புத்தகமா வாங்கிட்டு வா."

மறுநாள் மருமகள் தன் கட்டுரையை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். என் வீரம், விசுவாசம், நட்பு மூன்றையும் காணோம். நாவல் படிக்கும்போது யார் பேசுகிறார்கள் என்பதைவிட, யாரை யாரும் கேட்கவில்லை என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன், இதைச் சொல்லித்தந்தது என் அம்மா என்று எழுதியிருந்தாள். கடைசிப் பாடமாக, முடிவை யாராவது சொன்னால் நம்பாதே, புத்தகத்தைத் திறந்து பார் என்று ஒன்று. இதைச் சொல்லித்தந்தது யார் என்று எழுதவில்லை. தாய்மாமன் என்ற மரியாதைதான்!

கல்கியின் எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமை ஆகிவிட்டதால் எத்தனையோ பதிப்பகங்கள் போடுகின்றன. சிதம்பரத்தில் பெரிய எழுத்தாகப் பார்த்து இரண்டு பாகம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

அக்கா பேப்பரை விரித்துப் பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் அப்படியே எழுந்துபோய், கையில் எண்ணெய் தேய்த்துப் பால் பிசினை எடுத்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள் என்று நினைத்தேன். இல்லை. நாலாம் பாகம், முதல் பக்கம். திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சோறு ஆயிடுச்சு. குழம்பு அடுப்புல இருக்கு. இறக்கிப் போட்டுத் தின்னுங்க" என்றாள், யாரையும் பார்க்காமல்.

நானும் அக்கா வீட்டுக்காரரும் சமையலறைக்குள் போய் முழித்தோம். குழம்பை எப்போது இறக்குவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தீய்ந்த பிறகு தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நல்ல மனுஷன்தான்.

சாயங்காலம் நான் கிளம்புகிறபோது அவள் நூறு பக்கம் தாண்டியிருந்தாள். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏண்டா, இப்பவாச்சும் வீராணத்துல தண்ணி இருக்கா?"

'கடல் மாதிரி அலையடிக்குது' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"தெரியலக்கா. ஆடிப் பதினெட்டுக்கு வா, போய்ப் பாக்கலாம்."